இவ இல்லேன்னா இன்னொருத்தி

"இன்னும் ஒரு ஆள் போறாங்க. இப்பவாவது ஏதாவது சொல்லித் தொலைங்க!"

கட்டிங் மேசை மேல் அளவு நாடாவை விட்டெறிந்தாள் மனைவி. அந்தத் தையற்கூடத்தில் பதினாறு மெஷின். ஏழில்தான் ஆள் இருந்தது.

"என்ன சொல்லணும்? சந்தோஷமாப் போகச் சொல்லு," என்றார் கணவர், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"சந்தோஷமா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆஸ்பத்திரிக்கு முந்நூறு கோட்டு போகணும். போன மாசம் அந்த ஒட்டடைக்குச்சிப் பொண்ணு போனா. அதுக்கு முன்னாடி அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்தே போனாங்க. எல்லாரும் நம்மகிட்ட கத்துக்கிட்டு இதே தெருவுல கடை போட்டாச்சு. நாம நடத்துறது தையல் கடையா, பஸ் ஸ்டாண்டா?"

"அதுக்குத்தானே ஆரம்பிச்சோம்? இந்த நாட்டுக்கு வந்து இறங்கினப்ப, பாஷை தெரியலைன்னு நம்மளை ஒருத்தனும் வாசல்படி ஏற விடல. மறந்துட்டியா? எந்த நாட்டுல இருந்து வந்தாலும் சரி, இங்கேயே பொறந்து வேலை கிடைக்காதவங்களா இருந்தாலும் சரி, தொழில் கத்துக் கொடுப்போம். அப்புறம் அவங்க சொந்தக் கால்ல நிக்கணும். அதான் நம்ம சட்டம்."

"சட்டம் போடுறது நீங்க. ஆள் போனதும் அந்த மெஷின்ல உட்கார்றது நான்!"

"அதுக்கு இப்ப என்ன?"

"இவளும் போயிட்டா காலர் திருப்ப ஆள் கிடையாது. பட்டனுக்குக் காஜா எடுக்க ஆள் கிடையாது. அளவு தப்பிப் போனா சரி பண்ண ஆள் கிடையாது."

"ஒருத்தி போனா கடை கவுந்துடுமா? இவ இல்லேன்னா இன்னொருத்தி!"

"இன்னொருத்தியா?"

"ஊர்ல ஆளா இல்ல? நாளைக்கே ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறேன் பாரு. இன்னும் சின்ன வயசா, சுறுசுறுப்பா!"

இரண்டு மெஷின்கள் சட்டென்று நின்றன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப, தடுக்க மாட்டீங்க?"

"யாரா இருந்தாலும் தடுக்க மாட்டேன். உயிரை வாங்காம, தொழில் கத்துக்கிட்டான்னு கொடுக்கிற சர்டிபிகேட்டைக் கொடு."

நீட்டினாள். எப்போதும் போடுகிற கையெழுத்துதானே என்று படிக்காமலே போட்டு, முத்திரையும் குத்தினார்.

"எங்கே கடை போடுறாளாம்?"

"இதே கட்டிடம், மேல் மாடி. ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் தொட்டில். கைக்குழந்தையோட வந்தாங்கன்னு நீங்க திருப்பி அனுப்பினீங்களே ஒன்பது பேர், அத்தனை பேருக்கும் அங்கே வேலை. கோட்டுல பாதியை அங்கேயே தச்சுக் கொடுத்துடுவாங்க."

கத்தரிக்கோல் முதல் முறையாக நின்றது.

"தொட்டிலா! இத்தனை வருஷத்துல எனக்கு இது தோணலையே. பலே கெட்டிக்காரி! இப்படி ஒருத்தியை நம்மகிட்ட வச்சுக்கிட்டு, காஜா எடுக்க விட்டிருக்கோமே... யாரு அவ?"

அவள் சர்டிபிகேட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டு நகர்ந்தாள். சலித்துக்கொண்டே சர்டிபிகேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பெயரைப் படித்தார்.

அவர் தலை நிமிர்ந்தபோது, மனைவி தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள்.