முசிறி பஸ்ஸில் கற்றது

அளவுகோலை வீரமலையின் பற்களுக்கிடையே நிறுத்திப் பார்த்த அக்னஸ் டாக்டரின் முகம் வாடிப்போயிற்று.

வீரமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயில் வந்த புற்றுக்குக் கரண்டு என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்து முடித்ததிலிருந்து தாடை இறுகி, கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு கிடந்த மனிதர் அவர். இன்று காலை இட்லியைப் பிட்டு மென்று தின்றுவிட்டுத்தான் முசிறியில் பஸ் ஏறியிருந்தார். இதற்குப் போய் யாராவது முகம் வாடுவார்களா?

"எல்லாருக்கும் வாய் நல்லாத் திறக்குதுங்க. அதான் பிரச்சினையே" என்றார் அக்னஸ்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். ஆராய்ச்சிக்காக நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு குச்சி ஐஸின் மரக்குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் கொடுத்துத் தாடையை விரிக்கும் பயிற்சி. இன்னொன்றுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். பயிற்சிக் குழுவுக்கு வாய் கூடுதலாகத் திறந்தால், இனி வருகிற எல்லாருக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால், பயிற்சியால் பலனில்லை என்று மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன.

காரணம் வீரமலைக்குத் தெரியும்.

அவர் அறிவுரைக் குழு. பயிற்சியைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினார்கள். சொன்னார்கள், சரி. ஒரே ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றும் பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவது நடக்கிற காரியமா?

குணசீலத்தில் ஏறுகிற ரெங்கம்மாள்தான் அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், முன் சீட்டிலிருந்து திரும்பி, முந்தானை மறைவில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினாள். தான் சொன்னதாக வெளியே தெரிந்தால் ஆராய்ச்சியிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். பாவம், தனக்குக் கிடைத்ததை ஒளித்து வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி.

இப்போது வாயைத் திறந்தால் அவளுக்கு ஆபத்து.

கதவிடுக்கில் வராந்தா தெரிந்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்காரர் பிரிட்டோ, புதிதாகக் கரண்டு முடித்தவர், பாலை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். நல்ல ஆகிருதியான ஆள். இவருக்கு இனி யார் சொல்லிக்கொடுப்பார்கள்? பொன்மலைக்கு முசிறி பஸ் போகாது.

வீரமலைக்கு மனசு கேட்கவில்லை.

"நான் திருட்டுத்தனமா அந்தக் குச்சிப் பயிற்சியைச் செஞ்சேன், டாக்டரம்மா. என் பேரை வேணா அடிச்சிருங்க. யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

அக்னஸ் திட்டவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

"யார் பேரையும் அடிக்க மாட்டோம். நாங்க சொல்லித்தராமலே குச்சிப் பயிற்சி செஞ்சவங்க கையைத் தூக்குங்க."

தூணோரமிருந்து முதலில் ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் முசிறி பஸ் கூட்டம் முழுக்க, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி அசட்டுச் சிரிப்போடு கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அக்னஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் பயிற்சி பிழைத்துவிட்டது.

வீரமலைக்கு அப்பாடா என்றிருந்தது. ரெங்கம்மாள் பேர் வெளியே வரவில்லை. அவள்தான் பயிற்சிக் குழுவாயிற்றே, கையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எண்ணியபடி அவளைத் தேடினார்.

தூணோரம் உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுந்த கை அவளுடையதுதான்.

பக்கத்தில் போய், அப்படியானால் உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கிசுகிசுத்தார்.

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணே" என்றாள் ரெங்கம்மாள். "சத்தியம் பண்ணியிருக்கேன்."