குதிக்கிற பாய்

"ஸ்கூல் டி.வி. கேம்ல குதிக்கறதுல ஜான்சிதாம்பா ஃபர்ஸ்ட். நான் செகண்டு."

ஒன்றாம் வகுப்பு ஷ்ரவண் இப்படிச் சொன்னதும் கஸ்தூரிரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எந்த ஜான்சி? மீன் விக்கற அந்தோணியம்மாள் பொண்ணா? கால்ல இரும்புப் பட்டை மாட்டிண்டு நடக்குமே, அதுவா?"

"ஆமாம்பா!" ஷ்ரவண் சிரித்துக்கொண்டே விளையாட ஓடிவிட்டான்.

அந்த டி.வி. கேமை சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்ததே கஸ்தூரிரங்கனின் தம்பிதான். தரையில் ஒரு பாயை விரித்து அதன் மேல் குதித்தால், டி.வி.யில் ஓடுகிற பொம்மையும் குதித்துத் தடையைத் தாண்டும். வீட்டில் இருந்தால் பிள்ளை கெட்டுப் போவான் என்று கஸ்தூரிரங்கன்தான் அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தானம் செய்துவிட்டார். ஊரான் பிள்ளைகள் கெட்டால் பரவாயில்லை போலிருக்கிறது!

ஸ்ரீலக்ஷ்மி மிஸ் அதை வைத்தே இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். முதல் தடைக்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு. அதிகம் தாண்டுகிற குழந்தை ஆண்டு விழா மேடையில் குதிக்கும். ஷ்ரவணைப் படம் எடுக்க கஸ்தூரிரங்கன் இரண்டு பிலிம் ரோல் வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் பேங்குக்கு லீவு போட்டுவிட்டு, வகுப்பின் பின்வாசலில் போய் நின்றார்.

ஷ்ரவண் பதினாறு வரை தாண்டி விழுந்தான். அடுத்து ஜான்சி. அவள் பாயில் ஏறியதும் மொத்த வகுப்பும் எழுந்து, அவள் முதுகுக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றது. என்ன ஒழுங்கோ என்று அவருக்கு எரிச்சல்.

ஜான்சி குதிக்கவில்லை. நல்ல காலின் குதிகாலை லேசாகத் தூக்கினாள், அவ்வளவுதான். பொம்மை ஜம்மென்று தாண்டியது!

"ரெண்டு! நாலு! ஆறு!" வகுப்பே கத்தியது.

கஸ்தூரிரங்கன் திகைத்துப் போய்க் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அவர் வந்ததையே கவனிக்காமல் ஸ்ரீலக்ஷ்மி மிஸ் உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள் அதே கேமின் ஜாய்ஸ்டிக்; அதன் பட்டனை அழுத்தினாலும் பொம்மை குதிக்கும். குழந்தைகளின் கால் இடுக்கில் ஜான்சியின் குதிகால் எழுவது தெரிந்தபோதெல்லாம் மிஸ்ஸின் கட்டைவிரல் பட்டனை அழுத்தியது.

அடிப்பாவி! பச்சைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு டீச்சரே கள்ளாட்டமா? அதுவும் அவர் கொடுத்த கேமில், அவர் பிள்ளையைத் தோற்கடிக்கவா?

"மி..." என்று அவர் வாயைத் திறப்பதற்குள் ஷ்ரவண் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"உஷ்! கத்தாதேப்பா!"

"உங்க மிஸ் பண்றதைப் பார்த்தியாடா? உன்னை ஏமாத்தறா!"

"எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும்பா. ஜான்சிக்கு மட்டும்தான் தெரியாது."

கஸ்தூரிரங்கன் முண்டியடித்து நின்ற குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ திரும்பினா மிஸ் கை தெரிஞ்சுடும். அதான் எல்லாரும் மறைச்சுண்டு நிக்கறோம். நீ நல்ல உசரமா இருக்கே, சீக்கிரம் வந்து நில்லுப்பா!"