வால்வு சூடாகும்வரை

எங்கே இடி இடித்தாலும் மழை அவள் முதுகில்தான் பெய்யும். பாட்டு கேட்கிற ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோனதற்கும் அவளுக்குத்தான் அறை விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வேற ஆம்ப் வரலன்னா தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் கல் குவாரிக்குப் போனான்.

வீங்கிய கன்னத்தோடு ரேடியோ கடையில் நின்றாள்.

"வீட்ல பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்ண்ணே."

"அதுக்குச் சின்ன ஆம்பே போதும்மா. இந்தப் பழைய வால்வு செட்டு அஞ்சு வாட்டுதான், ஆனா உங்க ஸ்பீக்கர்ல தெருவே அதிரும். ஒரே குறை, வால்வு சூடானாத்தான் பாட்டு வரும். சுவிட்ச் போட்டு ஒரு நிமிஷம் மூச்சே விடாது. அந்த டிரான்சிஸ்டர்னா தட்டினதும் கத்தும்."

"வால்வே குடுங்கண்ணே."

"வீட்டுக்காரர்கிட்ட குறையைச் சொல்லிடும்மா."

"அதை நான் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் வந்தவன் கதவைத் தாழிட்டான். வழக்கம்போல் சுவிட்சைத் தட்டி, சத்தத்தைக் கூட்டி, பாட்டு வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் பெல்ட்டை உருவி விளாசினான்.

இத்தனை வருஷமாகப் பாட்டுக்குள் புதைந்துகிடந்த அவள் அலறல் முதன்முறையாகத் தெருவுக்குக் கேட்டது.

"அடப்பாவி, பாட்டுப் பைத்தியம்னுல்ல நெனச்சோம்! உடைங்கடா கதவை!"

நாலு பேர் உள்ளே புகுந்து அவனைப் புரட்டியெடுக்கத் தொடங்கியபோதுதான் வால்வு சூடாகிப் பாட்டு வந்தது.

அவள் எழுந்துபோய்ச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.