பன்னிரண்டாவது ஷரத்து

"பன்னிரண்டாவது ஷரத்தப் படமா மாத்து. மாத்திட்டு 'அலங்காரம்'னு குறிச்சிரு" என்றார் மஹேஷ்.

கீபோர்டில் உச்சிமாகாளியின் விரல் நின்றுவிட்டது. "சார், அலங்காரம்னு குறிச்சா போன் அத வாசிக்காதே. தாண்டிப் போயிருமே."

"அதான் வேணும்."

"அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாது சார். போன் வாசிக்கிறத நம்பித்தான் கையெழுத்துப் போடப் போறாங்க."

"எடோ, பார்ட்டி சொன்னத நான் உன்கிட்ட சொல்றேன். காரணம் நானும் கேக்கல, நீயும் கேக்க வேண்டாம். சாயங்காலம் உனக்கு நிரந்தர லெட்டர் அடிக்கணுமா, வேண்டாமா?"

மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டையில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கண் தெரியாதவர்களின் போன் வாய்விட்டு வாசிக்கும்படி ஃபைல்களைச் சரிபண்ணிக் கொடுப்பதுதான் தொழில். தமிழ் ஃபைல்களுக்காகவே சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து உச்சிமாகாளியை எடுத்திருந்தார்கள். வந்து ஆறு மாசம். லெட்டர் வந்தால் வேலை, வராவிட்டால் ஊருக்குப் பஸ். காலையில்தான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே போனிடம் பேசி, அதையே டைப் அடிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தான். 'அம்மா, இன்னைக்கு லெட்டர் குடுத்துருவாவ. நீ பயப்படாத.' பயமெல்லாம் அவனுக்குத்தான்.

ஃபைல் ஒரு ஐஸ் கம்பெனியுடையது. ஐஸ் உடைக்கும் மிஷினில் அடைப்பெடுக்க இறங்கிய சிபி என்ற பையன் உள்ளேயே செத்துப்போயிருந்தான். நஷ்டஈட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவன் அம்மா ரத்னாபாய். பன்னிரண்டாவது ஷரத்து இதுதான்: 'உள்ளே ஆள் இருப்பதைக் கவனிக்காமல் மிஷினைப் போட்ட தொழிலாளிமீது எந்தக் காலத்திலும் நாங்கள் புகார் கொடுக்க மாட்டோம்.'

உச்சிமாகாளி இரண்டு தடவை வாசித்தான். கொன்றவனைத் தப்பிக்க வைக்கிற வரி. அதைப் பெற்றவள் காதில் விழாமலே அவளிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். ஆனாலும் சொன்னபடி செய்தான்.

பதினொரு மணிக்குக் கைத்தடி படியைத் தட்டித் தட்டி ஏறியது. பின்னால் கம்பெனி வக்கீல்.

"பதினேழு படி உண்டு பிள்ளே. கண்ணு தெரியாதவங்களுக்குன்னு ஆபீஸ் போட்டுட்டு, கைப்பிடி வைக்க மறந்துட்டியளோ?" என்றபடி ரத்னாபாய் உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

போனை எடுத்து விரலால் தள்ளினார். அது தகரத்தில் மழை அடித்த மாதிரி கடகடவென்று எதையோ ஒப்பித்தது.

வக்கீல் குனிந்து காது கொடுத்துப் பார்த்தார். "இதென்ன பாஷை? ஒரு அட்சரம் மனசிலாகல்லியே!"

"தமிழ்தான் சாரே. வேகத்தக் கூட்டி வச்சிருக்கேன். பழகின காதுக்குத்தான் பிடிபடும்."

உச்சிமாகாளி நிமிர்ந்து பார்த்தான். இந்த அறையில் அந்தப் போன் சொல்வது இவர் ஒருவருக்குத்தான் புரியும்.

"சார், ஃபைல இன்னொரு வாட்டி சேவ் பண்ணிட்டு அனுப்புதேன்" என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பினான். 'அலங்காரம்' என்ற குறியை எடுத்தான். படத்துக்கு விளக்கம் எழுதும் கட்டத்தில் ஷரத்து முழுவதையும் போட்டான். கீழே ஒரு வரி சேர்த்தான். 'அம்மா, இதை உங்களிடம் மறைக்கச் சொன்னார்கள். யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.' அனுப்பிவிட்டான்.

போன் கடகடத்தது. ரத்னாபாயின் பெருவிரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. பின்னால் போய் அதையே மறுபடி கேட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எந்தா அம்மா? பிரச்னை ஏதும் உண்டா?" மஹேஷ் கேட்டது அவரிடம், கண் மட்டும் உச்சிமாகாளிமேல்.

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தான். போகட்டும் என்றும் நினைத்தான். இப்போது இந்த அம்மா எழுந்து நாலு வார்த்தை கேட்கப் போகிறார்.

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வெள்ளம் தா."

அவன் தண்ணீர் கொடுத்தான். டம்ளர் பல்லில் பட்டுச் சத்தம் வந்தது. குடித்து முடித்துக் கையை நீட்டினார். "எங்க போடணும்? ஸ்கேல வச்சுக் காட்டு."

ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக் கோட்டுக்கு அடியில் உச்சிமாகாளியே ஸ்கேலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஸ்கேலின் விளிம்போடு ஒட்டி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

மஹேஷ் மூச்சு விட்டார். "அம்மாவ பஸ் ஏத்திட்டு வா. வந்து லெட்டர வாங்கிக்கோ."

படி இறங்கி, அவன் முழங்கையைப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். அவனால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பன்னிரண்டாவது வரி போன்ல வந்துச்சாம்மா?"

"வந்துது. ரெண்டு தடவ கேட்டேன்."

"பொறவு ஏம்மா போட்டீங்க? ஒங்கள ஏமாத்தப் பாத்தாங்க. அதான் நான் என் வேலையக்கூட நெனைக்காம..."

"நீயா செய்ஞ்சே?" முழங்கையில் அவர் பிடி இறுகியது. பிறகு தளர்ந்தது. "ஒன்ன குத்தம் சொல்ல மாட்டேன் மக்ளே. நீ நல்லதுன்னு நெனச்சு செய்ஞ்சே. ஆனா யாரும் என்ன ஏமாத்தல்ல. அந்த வரிய எழுதணும்னு மொதலாளி கால்ல விழுந்தது நான். எழுதுங்க, ஆனா எனக்க காதுல மட்டும் அது விழாண்டாம்னு கெஞ்சினதும் நான்தான்."

பாறசாலை பஸ் வந்து நின்றது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கால் தடவிப் படியில் ஏறி, அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மிஷினப் போட்டது எனக்க இளைய மவன்."