சென்னை மட்டும் வேண்டாம்

துபாய் போன் என்றால் ரம்ஜான் பீவிக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். புருஷன் பக்கீர் முஹம்மதுவின் குரல் தெருமுனை டீக்கடை வரை கேட்டால் அவளுக்கு ஒரு திருப்தி. நமக்கும் ஒன்றும் காது வலிக்கவில்லை.

அன்றைக்குப் பேச்சு மகள் ஃபாயிசாவின் இன்ஜினியரிங் கவுன்சலிங் பற்றி. கட் ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றேழு. மரக்காணத்தில் இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பாதிப் பேருக்குத் தெரியாது. பெண் விவரமானவள். இரவல் லேப்டாப்பில் காலேஜ்களை ஆசைப்படும் வரிசையில் தானே அடுக்கியிருந்தாள். லாக் செய்ய அன்றுதான் கடைசி நாள்; செய்துவிட்டால் மாற்ற முடியாது.

"அத்தா, மேல ரொம்ப ஆசைப்பட்டது. நடுவுல நல்லாவே கிடைக்கக்கூடியது. கடைசியில எதுவும் இல்லன்னா இருக்கட்டும்னு நாலு. ஃபர்ஸ்ட் சாய்ஸ் சென்னை. என் ரேங்க்குக்குக் கிடைச்சிடும்."

"அத எடுத்துடும்மா."

"எத?"

"சென்னைய. கோயமுத்தூர் போடு, மதுரை போடு. எவ்ளோ தூரம்னாலும் பரவால்ல."

பக்கத்து வீட்டு அமுதவல்லி உப்பளத்திலிருந்து வந்து வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பாளா?

"ஏன் பாய், இங்க பஸ் ஏறுனா மூணு மணி நேரத்துல மெட்ராஸ். அவனவன் பொண்ண பக்கத்துல வெச்சிக்கப் பாக்குறான், நீ தள்ளி வுடுறியே."

"அங்க ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லக்கா."

"துபாய்ல குந்திக்கினு மெட்ராஸ் சாம்பாரு ருசி பாக்குறியா?"

பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு எழுந்தது. போனுக்குள்ளிருந்தும் வேறொரு குரலில் பாங்கு கேட்டது. ரம்ஜான் பீவி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ள, இரண்டு பக்கமும் பேச்சு நின்றது.

முடிந்ததும் ஃபாயிசா மெதுவாகக் கேட்டாள். "எட்டாவதுலேருந்து எனக்கு அந்தக் காலேஜ்தான்த்தா. வேண்டாம்னா காரணமாவது சொல்லுங்க."

"அத்தா பேச்சுக்கு மரியாதை குடுக்கிறதுன்னா எடுத்துடு," என்று மட்டும் வந்தது.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. முதல் வரியை அழித்தாள். கோயமுத்தூர் மேலே ஏறியது. லாக்கை அழுத்திவிட்டு, "பண்ணிட்டேன்த்தா," என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. ஒளு செய்யப் போகிறவள் மாதிரி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தொழுகைக்கு யாரும் அவ்வளவு நேரம் முகம் கழுவமாட்டார்கள்.

தெருவில் அதற்குள் கதைகள் கிளம்பிவிட்டன. மெட்ராஸ் போனால் பெண் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார் என்றார்கள் சிலர். அமுதவல்லியின் கதை இன்னும் ருசி. மனுஷனுக்கு மெட்ராஸில் இன்னொரு குடும்பம் இருக்கிறதாம். மகள் அங்கே போனால் பார்த்துவிடுவாளாம். லீவுக்குக்கூட மரக்காணம் பக்கம் எட்டிப் பார்க்காததும் அதனால்தானாம்.

அது ரம்ஜான் பீவியின் காதில் விழுந்தது. ஸ்பீக்கரை அணைத்தாள். போனை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் போனாள். ஆனால் அந்தப் பழைய போன் ஸ்பீக்கர் இல்லாமலே சுவர் தாண்டும்.

"அமுதவல்லி சொல்றது நெசமாங்க?"

"என்ன சொல்லுது?"

"மெட்ராஸ்ல உங்களுக்கு ஆளு இருக்குதாம்."

அந்தப் பக்கம் யாரோ பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"இத்தினி வருஷம் ஒத்தையாக் கெடந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருப்பனா? இப்ப எம் புள்ள ஆசைய அவ கையாலயே அழிச்சிட்டு உள்ள அழுதுக்கினு இருக்கா. சொல்லுங்க, மெட்ராஸ்ல யாரு இருக்காங்க?"

பக்கீர் முஹம்மது தொண்டையைச் செருமினார்.

"நான்தான் இருக்கேன். அந்தக் காலேஜ் கேட்டுல, வாட்ச்மேனா."