எட்டாவது மூட்டை

2006 மாசித் திருவிழாவுக்காக மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டின திடலில் தட்சணாமூர்த்தி தன் ரோலர் கோஸ்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி நிறுத்தியிருந்தான். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் தினமும் காலையில் வெறும் பாரத்தை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். மற்ற ஊர்களில் மணல் மூட்டை. இங்கே உப்பு மூட்டைதான் சுலபமாகக் கிடைத்தது.

அன்றைக்கு மேல் வளைவில் ஏதோ சத்தம் கேட்டது. ஏழு சீட்டில் மூட்டைகளை வைத்துவிட்டு எட்டாவதில் அவனே உட்கார்ந்தான். மடிமேல் கம்பி விழுந்து பூட்டிக்கொண்டது.

"ஆதியில இது ஐஸ் மலையில சறுக்குற விளையாட்டாம்டா," என்றான்.

"நம்ம உப்பு மேடு மாதிரியா மாமா?" என்று சிரித்தபடி மச்சான் கிருபா மோட்டாரைப் போட்டான்.

மூன்று சுற்று. உச்சியில் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. சத்தம் எதுவும் இல்லை. வண்டி மேடைக்கு வந்து நின்றது.

கிருபா கம்பிகளைத் தூக்கிவிட்டு மூட்டைகளை இறக்கி அடுக்கினான். "ஆறு, ஏழு, எட்டு," என்று எண்ணிக்கொண்டே தட்சணாமூர்த்தியையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"டேய், விளையாடாத. இறக்குடா."

கிருபாவின் காதில் விழவில்லை. தட்சணாமூர்த்திக்குக் கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. மற்ற ஏழுக்கும் மேல் அவனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கிருபா கொட்டகைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டான்.

"மாமா, எங்க போயிட்டீங்க? எல்லாம் சரியா இருக்குது. ஆளை ஏத்தலாமா?"

தட்சணாமூர்த்தி உயிரைக் கொடுத்துக் கத்தினான். வாயிலிருந்து உப்புதான் கொட்டியது.

திரும்பிப் பார்த்த கிருபா, "அடச்சே," என்று சொல்லிக்கொண்டே கோணி ஊசியை எடுத்து நூலைக் கோத்தான்.