இருமலுக்குப் பிறகு வந்த வரி

மந்தைவெளியில், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடம் வாசித்துப் பதிவு செய்யும் எங்கள் அறையில் காலை வெயில் மேஜைவரை வந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் ஸஹானா சட்டப் பாடம் வாசிக்கிறாள். என்னோடு வேலை பார்த்தவள், இருபத்தாறு வயது. போன மாதம் நுரையீரல் நோயில் போய்விட்டாள். பதிவில் பாதி வரியில் இருமுகிறாள். "சாரிப்பா, இந்த வரிய திரும்பப் படிக்கிறேன்." பதிவுகளை வெட்டிச் சீர்செய்யும் அச்யுத், மவுஸில் கை வைத்தபடி கேட்கிறான்: "மாமி, அடுத்த வருஷப் பசங்களுக்குப் போறது. இருமலையெல்லாம் வெட்டிடட்டுமா?" இந்தப் பதிவுகளைக் கேட்டே படித்து, பாஸான சேதியும் மைசூர்பாக்குமாக வந்திருக்கும் பார்வையற்ற மாணவி அன்புக்கரசி, குரல் வந்த பக்கம் கையை நீட்டுகிறாள். "ஐயோ, வெட்டாதீங்கண்ணா! அக்கா இருமிட்டுத் திரும்பப் படிச்ச வரிங்கதான் எனக்குப் பரீட்சையில ஞாபகம் வந்துச்சு. அந்தப் பசங்களும் ரெண்டு தடவ கேட்டுப் பாஸ் பண்ணட்டும்."